மெழுகு இழக்கப்படுகின்றதா? – திருமேனி வார்ப்பின் கலைச்சொற்களும் கொல்கத்தா ஆய்வு மரபும்

1. முன்னுரை

உலோகத் திருமேனிகளை மெழுகு வழியாக வார்க்கும் முறையை ஆங்கில நூல்கள் ‘லாஸ்ட் வாக்ஸ்’ என்றும், பிரெஞ்சுச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு ‘சீர் பெர்தூ’ என்றும் குறிக்கின்றன. இவற்றைத் தமிழாக்குவோர் ‘இழந்த மெழுகு முறை’, ‘மெழுகு இழப்பு முறை’ என்றாற் போன்ற தொடர்களை ஆள்கின்றனர். இத்தொடர்கள் அருங்காட்சியக விளக்கப் பலகைகளிலும் பாடநூல்களிலும் இடம்பெறும் தகுதியுடையனவா என்பது ஆராய்தற்குரியது. தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் ஒரு தொழிலுக்குப் பிறமொழிப் பெயரின் நிழலில் ஒரு பெயர் சூட்ட வேண்டிய தேவை உண்டா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவிற்கு விடை காண்பதில் கொல்கத்தா நகரின் ஆய்வு மரபு பெரிதும் துணைபுரிகின்றது. தென்னிந்தியத் திருமேனிகளைப் பற்றிய முதற்பெரும் நூல்களுள் ஒன்று வெளிவந்ததும், வார்ப்பு முறையைக் கூறும் வடமொழிப் பகுதி ஆராயப்பட்டு அறிஞர் உலகிற்கு அறிமுகமானதும், வார்ப்போர் பட்டறைகளில் தங்கி அவர்தம் தொழிலை ஒரு சிற்பியே பதிவு செய்த நூல் வெளியானதும் அந்நகரிலேயே. இம்மூன்று முயற்சிகளையும் சுவாமிமலைப் பட்டறை வழக்கோடு ஒப்பிட்டு, ஒரே தொழிலை வெவ்வேறு மொழிகள் எக்கோணத்தில் நின்று பெயரிட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. வார்ப்பின் படிநிலைகள்

சொற்களை ஆராயுமுன் செயலை அறிதல் வேண்டும். தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையில் இன்றும் நிகழும் முறையைச் சுருங்கக் கூறலாம்.

தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவுக் குறிகள் இடுவது முதற்பணி. ‘ஒடிஓலை’ எனப்படும் இவ்வோலையே அத்திருமேனிக்குரிய தாள அளவைத் தருகின்றது. தேன்மெழுகும் குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பதப்படுத்திய மெழுகினால் தலை, உடல், கை, கால், பீடம் ஆகியவை தனித்தனியே உருவாக்கப்பட்டுப் பின் இணைக்கப்படுகின்றன. திருமேனியின் அணிகளும் ஆடை மடிப்புகளும் மெழுகிலேயே பெரும்பாலும் தோன்றிவிடும். உலோகம் புகுவதற்கும் காற்று வெளியேறுவதற்கும் உரிய மெழுகுக் குழல்கள் அதன்மேல் பொருத்தப்படுகின்றன.

அடுத்தது மண் பூசுதல். காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை அரைத்துக் குழம்பாக்கி முதற்பூச்சு இடுவர். மெழுகின் மீதுள்ள மயிரிழை போன்ற கோட்டையும் உட்புறத்தில் பதித்துக்கொள்வது இப்பூச்சே. நிழலில் உலர்ந்தபின் வயல் மண்ணும் மணலும் கலந்த அடுத்தடுத்த பூச்சுகள் தடிப்பாக இடப்படும். பெரிய திருமேனியாயின் இரும்புக் கம்பிகளால் கட்டுவர். இவ்வாறு மெழுகைச் சூழ்ந்து அமையும் மண் கூட்டிற்குக் ‘கரு’ என்று பெயர். அதனை அமைக்கும் செயல் ‘கருக்கட்டுதல்’ எனப்படும்.

நன்கு உலர்ந்த கருவை வறட்டி நெருப்பில் சூடேற்ற, மெழுகு உருகிக் குழல் வாய்வழியே வெளியேறும். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகுவது. செம்பு உருக 1085 பாகை வேண்டும். ஆகவே மெழுகு வடிந்த பின்னும் கருவைச் செந்நிறம் பெறும்வரை சுடுதல் இன்றியமையாதது. ஈரம் சிறிது எஞ்சினும், உருகிய உலோகம் பட்டவுடன் அது ஆவியாகிக் கருவைப் பிளந்துவிடும். சுட்ட கருவை வாய் மேல்நோக்கியிருக்க மண்ணில் புதைத்து, குகையில் உருக்கிய உலோகத்தை இழை அறாமல் ஊற்றுவர். ஆறியபின் கருவை உடைத்துத் திருமேனியை எடுத்து, குழல் நின்ற இடங்களை அறுத்து, உளியும் அரமும் கொண்டு செம்மை செய்வர். கரு உடைக்கப்படுவதால் அதைக்கொண்டு மீண்டும் ஒன்றை வார்த்தல் இயலாது.

இம்முறையின் பழமை வியப்பிற்குரியது. மெகர்கரில் கிடைத்த சிறு செம்புத் தாயத்து ஒன்று ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்முறையில் வார்க்கப்பட்டது என்பதை 2016இல் வெளியான ஆய்வு நிறுவியது. மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த நடனமாது எனப்படும் சிற்றுருவமும் இம்முறையில் ஆனதே.

3. நூல் வழிச் சான்று: கொல்கத்தா, 1936

கொல்கத்தாவில் இத்துறை ஆய்வு ஓவிய மறுமலர்ச்சி இயக்கத்தோடு இணைந்து வளர்ந்தது. அவனீந்திரநாத் தாகூர் முதலியோரின் சூழலில் தோன்றிய இந்தியக் கீழைக்கலைச் சங்கம் 1915இல் அர்த்தேந்திர குமார கங்குலி எழுதிய தென்னிந்திய வெண்கலச் சிற்பங்கள் பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டது. வங்காளத்து அறிஞர் ஒருவர் தமிழகத் திருமேனிகளைப் பற்றி எழுதிய அந்நூல், அவற்றைக் கலைப்பொருள்களாக உலகின் முன் நிறுத்தியது. சிற்ப நூல்களைச் சான்றாகக் கொண்டு எழுதும் முறையும் அதனால் வலுப்பெற்றது.

அச்சங்கத்தின் ஆய்விதழில் 1936ஆம் ஆண்டு சரசிகுமார் சரசுவதி எழுதிய கட்டுரை இப்பொருளில் ஒரு திருப்பம் எனலாம். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் (1127–1138) பெயரால் வழங்கும் ‘மானசோல்லாசம்’ அல்லது ‘அபிலஷிதார்த்த சிந்தாமணி’ என்னும் கலைக்களஞ்சியத்தில் திருமேனி வார்ப்பைப் பற்றிய பகுதி ஒன்று உள்ளது. அதன் மூலத்தையும் பொருளையும் அவர் ஆராய்ந்து வெளியிட்டார். ஆகமங்கள் மெழுகில் செய்து உலோகத்தில் வார்க்க வேண்டும் என்ற அளவில் நின்றுவிட, இந்நூல் செய்முறையைப் படிப்படியாக விவரிக்கின்றது.

மண்ணோடு எரிந்த உமி, நுணுக்கி வெட்டிய பஞ்சு, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தல், முதற்பூச்சை மெல்லியதாக இட்டு நிழலில் உலர்த்துதல், பின்னர் இரண்டாவதும் தடித்த மூன்றாவதுமாகப் பூசுதல் ஆகியவை அதில் கூறப்படுகின்றன. உலோகம் புகும் குழலுக்கு ஊமத்தம்பூ உவமையாகின்றது. வாய் அகன்று அடி குறுகிய அப்பூவின் வடிவை நினைவிற்கொண்டால் வேறு படம் தேவையில்லை. உலோகத்தை வைக்கும் குகை தேங்காய் வடிவில் அமைதல் வேண்டும் என்பதும் அதன் விதி.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்நூற்பகுதி மெழுகுருவை எடைபோடச் சொல்கின்றது. அவ்வெடையைக் கொண்டே தேவையான உலோகத்தின் எடை கணிக்கப்படுகின்றது. செம்பு, வெள்ளி, பொன் ஆகியவற்றிற்கு மடங்கு படிப்படியாக மிகுகின்றது. இதன் அடிப்படை எளிது. தேன்மெழுகு ஏறத்தாழ நீரின் அடர்த்தி உடையது. செம்பின் அடர்த்தி அதனைப் போல் ஒன்பது மடங்கு. வெள்ளி பதினொரு மடங்கு. பொன் அதனினும் மிகுதி. மெழுகு நின்ற வெற்றிடத்தை உலோகம் நிரப்புதலின், மெழுகின் எடை உலோகத்தின் எடையை முன்னரே சொல்லிவிடுகின்றது. சுவாமிமலையிலும் ஒரு பங்கு மெழுகிற்கு எட்டு முதல் பத்துப் பங்கு உலோகம் என்னும் கணக்கே வழங்குகின்றது. வடிந்த மெழுகைத் தொழிலாளர் வீணாக்குவதில்லை. நீர்ப்பாத்திரத்தில் ஏந்திச் சேர்த்து மீண்டும் பயன்படுத்துகின்றனர்.

ஆகவே சுவாமிமலைப் பட்டறையின் கண்கொண்டு நோக்கின் மெழுகு இழக்கப்படும் பொருள் அன்று. முதலில் உருவமாகவும், பின்னர் அளவுகோலாகவும், இறுதியில் மீண்டும் மூலப்பொருளாகவும் நிற்பது அது.

4. பட்டறை வழிச் சான்று: மீரா முகர்ஜி

நூலறிவு பட்டறையறிவோடு இணைந்தாலன்றிக் கலைச்சொல் தெளிவு பெறாது. இவ்வுண்மையைக் கொல்கத்தா அறிஞர் முன்னரே உணர்ந்திருந்தனர். நிர்மல் குமார் போஸ் 1932இல் வெளியிட்ட ஒரிசாக் கட்டடக்கலை விதிகள் பற்றிய நூல், ஒரிய மொழிச் சுவடிகளை வாழும் கைவினைஞரின் துணைகொண்டு பொருளறிந்து எழுதப்பட்டது. சுவடியில் உள்ள சொல் கோயிலின் எவ்வுறுப்பைக் குறிக்கின்றது என்பதை அகராதி காட்டாது. அதைத் தொழிலாளி கைநீட்டிக் காட்ட வேண்டும் என்பதே அந்நூல் உணர்த்தும் நெறி.

அவரே பின்னாளில் கொல்கத்தாவில் தலைமையிடம் கொண்ட இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனத்தின் இயக்குநராக (1959–1964) இருந்தார். அக்காலத்திலேயே அந்நிறுவனத்தின் சார்பில் மீரா முகர்ஜி (1923–1998) உலோகக் கைவினைஞரைப் பற்றிய கள ஆய்வை மேற்கொண்டார். கொல்கத்தாவில் பிறந்து, தில்லியிலும், 1953 முதல் மூனிக் நகரக் கலைக்கல்லூரியிலும் பயின்றவர் அவர். ஐரோப்பியப் பயிற்சியோடு திரும்பியவர் மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர் பகுதியில் (இன்றைய சத்தீஸ்கர்) வார்ப்புத் தொழில் செய்யும் கடுவா மக்களிடம் சென்று மீண்டும் மாணவராக அமர்ந்தார். நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று திரட்டிய செய்திகளை உள்ளடக்கிய ‘இந்திய உலோகக் கைவினைஞர்’ என்னும் பொருள்படும் அவரது ஆங்கில நூலை அந்நிறுவனம் 1978இல் வெளியிட்டது. விசுவகர்மாவைத் தேடிச் சென்றதாகப் பெயரிட்டு வங்காளியிலும் அவர் எழுதினார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவரது சிற்பங்களும் இக்கல்வியின் பயனே. மெழுகைத் திரியாகவும் பட்டையாகவும் திரட்டிச் சுற்றி உருவமைக்கும் பழங்குடி முறையை அவர் பெரிய அளவிலான வடிவங்களுக்கு விரித்தார். கலிங்கத்தில் அசோகன் என்னும் அவரது பெரும்படைப்பு பல பகுதிகளாக வார்த்து இணைக்கப்பட்டது.

வங்காளத்தில் இம்முறை ‘டோக்ரா’ எனப்படுகின்றது. பாங்குரா மாவட்டத்துப் பிக்னாவும் பர்த்தமான் பகுதியின் தரியாபூரும் இதற்குப் பெயர்பெற்ற ஊர்கள். முன்னர் ஊர் ஊராகச் சென்று அரிசி அளக்கும் கிண்ணங்களையும் இலட்சுமி உருவங்களையும் விளக்குகளையும் வார்த்துத் தந்த மக்கள் இவர்கள். 2018இல் வங்காள டோக்ராவிற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

சுவாமிமலை முறைக்கும் இதற்கும் இரண்டு அடிப்படை வேறுபாடுகள் உள்ளன. முதலாவது, டோக்ரா வார்ப்பில் நடுவே மண் உள்ளீடு உண்டு. அதன்மேல் மெழுகு இழைகள் சுற்றப்படுவதால் வார்ப்பு உள்ளே வெற்றிடமுடையதாக அமைகின்றது. இரண்டாவது, உலோகம் வெளியிலிருந்து ஊற்றப்படுவதில்லை. பித்தளைத் துண்டுகளை இட்ட மண்கிண்ணம் அச்சின் வாயோடு சேர்த்து மூடி மண்ணால் அடைக்கப்படுகின்றது. கிண்ணம் கீழாக இருக்க உலையில் வைத்து, உலோகம் உருகியவுடன் இடுக்கியால் எடுத்துத் தலைகீழாகத் திருப்புவர். உலோகம் தானே உள்ளிறங்கும். குகையும் அச்சும் ஒன்றாகிய இவ்வமைப்பில், பல பட்டறைகளில் மெழுகு தனியே ஏந்தப்படுவதில்லை. மண்ணில் ஊறியும் எரிந்தும் மறைகின்றது. தேன்மெழுகிற்கு மாற்றாகவோ அதனோடு கலந்தோ சால மரப் பிசினும் கடுகெண்ணெயும் வழங்குவதும் இங்குண்டு.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு முதன்மையானது. ‘இழந்த மெழுகு’ என்னும் வருணனை ஓரளவேனும் பொருந்துமாயின் அது வங்காளத்து மூடிய அச்சிற்கே பொருந்தும். மெழுகை ஏந்தி எடுக்கும் சுவாமிமலைக்குப் பொருந்தாது. ஒரே ஆங்கிலப் பெயர் இரண்டையும் தழுவுவதால் இவ்வேறுபாடு மறைந்துபோகின்றது.

5. பெயரிடும் கோணங்கள்

ஒரு செயலுக்குப் பெயரிடுங்கால் மொழிகள் அதன் ஏதேனும் ஒரு கூற்றைத் தேர்ந்துகொள்கின்றன. இவ்வார்ப்பு முறைக்கு அமைந்த பெயர்களை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

அ. பொருளின் முடிவு நோக்கிய பெயர். பிரெஞ்சுத் தொடரில் உள்ள ‘பெர்தூ’ என்னும் அடைக்கு ‘தொலைந்த’ என்பது பொதுப்பொருள். எனினும் வார்ப்புத் தொழிலில் ஒருமுறைக்கு மேல் பயன்படாத அச்சையும் பிரெஞ்சுக்காரர் அவ்வடையாலேயே குறிப்பர். செருமானியத்திலும் இதற்கு இணையான வழக்கு உண்டு. ஆகவே அங்குக் கருதப்படுவது ‘ஒருமுறை ஆண்டபின் அவ்வடிவில் மீளாதது’ என்னும் தொழில்நுட்பப் பொருளே. ஆங்கிலம் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தபோது தொழிற்பொருள் மங்கிப் பொதுப்பொருள் மேலோங்கியது. தமிழ் அவ்வாங்கிலத்தைப் பெயர்க்கும்போது இழப்பு இரட்டிக்கின்றது.

தமிழில் இலக்கணச் சிக்கலும் சேர்கின்றது. ‘இழந்த மெழுகு’ என்பது பெயரெச்சத் தொடர். எழுவாய்ப் பொருளையும் செயப்படுபொருளையும் பெயரெச்சம் வடிவால் வேறுபடுத்துவதில்லை. ‘கண்ட மனிதன்’ என்பது பிறரைக் கண்டவனையும் பிறரால் காணப்பட்டவனையும் குறிக்கும். அவ்வாறே ‘இழந்த மெழுகு’ எதையோ இழந்துவிட்ட மெழுகாகவும் கொள்ளப்படும். மேலும் இழத்தல் என்பது வேண்டாத நிகழ்வைச் சுட்டும் வினை. திட்டமிட்டு உருக்கி வடிப்பதை இழத்தல் என்று எந்தச் சிற்பியும் கூறார்.

ஆ. பொருளின் தோற்றம் நோக்கிய பெயர். வடமொழியில் மெழுகு ‘மதூச்சிட்டம்’ எனப்படும். மது என்பது தேன். உச்சிட்டம் என்பது மிச்சம். தேன் எடுத்தபின் எஞ்சியது என்பது சொற்பொருள். மானசார நூல் இவ்வார்ப்பு பற்றிய இயலுக்கு ‘மதூச்சிட்ட விதானம்’ என்று பெயரிடுகின்றது. பிரெஞ்சுப் பெயர் மெழுகு தொலைவதைக் கூற, வடமொழிப் பெயர் மெழுகு எஞ்சுவதைக் கூறுகின்றது. இரண்டும் ஒரே பொருளைச் சுட்டுவன. ஆயினும் ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாகக் கொள்ளல் கூடாது.

இ. செய்வோர் நோக்கிய பெயர். ‘டோக்ரா’ என்பது முதலில் மக்கட்குழுவின் பெயர். பின்னர்த் தொழிலுக்கும் பொருளுக்கும் ஆகிவந்தது. வங்காளத்தில் இத்தொழில் செய்வோர் தம் பெயரோடு ‘கர்மகார்’ என்பதையே இணைத்து வழங்குகின்றனர். அண்மைக் காலத்தில் ஆங்கில எழுத்துகள் பஸ்தர் கடுவாக்களின் பணியையும் தெலங்கானத்து ஓஜாக்களின் பணியையும் ‘டோக்ரா’ என்றே அழைக்கின்றன. ஒரு குழுவின் பெயர் பிற குழுக்களின் பெயர்களை மறைக்கும் நிலை இது. தமிழில் எழுதுவோர் பஸ்தர் படைப்பைக் கூறுமிடத்துக் கடுவாக்களின் பெயரைத் தவறாது குறிப்பிடுதல் முறையாகும்.

ஈ. அச்சு நோக்கிய பெயர். தமிழ்ப் பட்டறை வழக்கு இவ்வகையைச் சாரும். மெழுகைச் சூழ்ந்த மண்கூடு ‘கரு’. அதே சொல் சூலையும் முட்டையின் உள்ளீட்டையும் குறிக்கும். உருவம் உள்ளே அடங்கி, வெளிப்படும்போது கூடு உடையும் என்னும் நிகழ்ச்சி ஒப்புமையே இப்பொருள் விரிவிற்குக் காரணம் எனலாம். வங்காளியில் அச்சைக் குறிக்கும் ‘சாஞ்ச்’ என்பதும் வார்ப்பைக் குறிக்கும் ‘டாலாய்’ என்பதும் இவ்வுயிர்ப்பொருளைத் தாரா. வங்காளி மெழுகிற்குப் பாரசீக வழிவந்த ‘மோம்’ என்னும் சொல்லை ஆள்கின்றது. தமிழிலோ ‘மெழுகு’ என்னும் ஒரே வடிவம் பெயராக நின்று தேன்மெழுகையும், வினையாக நின்று பூசுதலையும் குறிக்கும். குகை என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. மலைக்குகைக்கும் உலோகம் உருக்கும் கலத்திற்கும் அது பொதுவாகும். வடமொழி வழிவந்த ‘மூசை’ என்பதும் உருக்குகலத்தையே குறிக்கும்.

6. உலோகப் பெயர்களில் நேரும் பிழை

முறையின் பெயரைப் போலவே பொருளின் பெயரும் மொழிபெயர்ப்பில் திரிந்துள்ளது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கு எழுந்தருளுவித்த திருமேனிகளைப் பட்டியலிடுகின்றன. பாதம் முதல் கேசம் வரை உயரம் அளந்து, கைகளின் எண்ணிக்கை கூறி, திடமாக வார்த்தவற்றைக் ‘கனம்’ என்றும் உள்வெற்றிடம் உடையவற்றைப் ‘பொள்ளல்’ என்றும் அவை பிரித்துரைக்கின்றன. வடமொழிச் சிற்ப நூல்கள் ‘கன’, ‘சுஷிர’ எனப் பிரிப்பதும் இதுவே. அக்கல்வெட்டுகள் ஆளும் தொடர் ‘செப்புத் திருமேனி’ என்பதாகும்.

கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹூல்ஷ் அதனை ஆங்கிலத்தில் செம்பு உருவம் என்றே பெயர்த்தார். ஆனால் கங்குலியின் 1915ஆம் ஆண்டு நூல் முதலானவற்றின் தலைப்புகளால் ‘பிரான்சு’ என்னும் சொல் நிலைபெற்றது. அதனைத் தமிழாக்கியோர் ‘வெண்கலச் சிலை’ என்றனர். சோழர் காலச் செப்புத் திருமேனி இவ்வாறு ஆங்கிலம் சென்று வெண்கலச் சிலையாகத் திரும்பியது.

இது வெறும் சொல் வேறுபாடு அன்று. தமிழில் வெண்கலம் என்பது வெள்ளீயம் மிகுந்த, தட்டினால் ஒலிக்கும் கலவை. பானைக்கும் தாளத்திற்கும் உரியது. அதில் வெள்ளீயம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். வங்காளியில் ‘கான்சா’ எனப்படுவது இதுவே. சோழர் திருமேனிகளிலோ செம்பே பெரும்பகுதி. வெள்ளீயமும் காரீயமும் குறைந்த அளவில் கலந்துள்ளன என்பதை வேதியியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ‘பிரான்சு’ என்னும் ஆங்கிலச் சொல் இருவகைக் கலவையையும் தழுவும். ‘வெண்கலம்’ அவ்வாறு தழுவாது. டோக்ராப் பொருள்களோ பெரும்பாலும் பித்தளையால் ஆனவை, வங்காளியில் ‘பிதோல்’. அவற்றை வெண்கலம் என்பது மேலும் பிழையாகும்.

ஐம்பொன் என்னும் வழக்கும் இங்கு நோக்கற்பாலது. தமிழகத்தில் ஐந்து உலோகம். வங்காளத்திலும் வடநாட்டிலும் ‘அஷ்டதாது’ எனும் எட்டு உலோகம். இவை சடங்கு நோக்கில் அமைந்த தொகைப்பெயர்களே. ஒவ்வொன்றும் சமபங்கில் கலந்திருக்கும் எனக் கருதுதல் தவறு. மொழிபெயர்ப்பாளர் இவற்றைத் தொகைப்பெயராகவே நிறுத்தி, கலவை விகிதம் கூறுமிடத்து மட்டும் செம்பு, வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் எனத் தனித்தனியே சுட்டுதல் நன்று. இந்நோக்கில் கல்வெட்டு ஆண்ட ‘செப்புத் திருமேனி’ என்பதே வரலாற்று எழுத்திற்கு மிகப் பொருத்தமான தொடராகும்.

7. கலைச்சொல்லாக்கத்திற்குச் சில முடிபுகள்

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படுகின்றன. ‘மெழுகு வார்ப்பு’ என்று மட்டும் கூறின் மெழுகையே வார்த்தல் எனப் பொருள்பட்டு மெழுகுவர்த்தித் தொழிலையும் குறிக்கக்கூடும். ‘இழந்த மெழுகு’ என்பதன் குறைகள் முன்னரே காட்டப்பட்டன. மெழுகைக் கொண்டு கரு அமைத்து வார்த்தல் என்னும் பொருளில் ‘மெழுகுக்கரு வார்ப்பு’ என வழங்குதல் பொருந்தும். அதன் வகைகளைக் ‘கனவார்ப்பு’, ‘பொள்ளல் வார்ப்பு’ எனக் கல்வெட்டுச் சொற்களாலேயே பிரிக்கலாம். வங்காளத்து முறையைக் ‘குகையொட்டிய கரு’ என விளக்கினால் அதன் தனித்தன்மை புலப்படும்.

இச்சொற்களின் பயன் கோயிற்கலையோடு நின்றுவிடுவதன்று. இன்று வானூர்தி எந்திரத்தின் சுழலி இதழ்கள் முதலாகப் பல நுண்பொறிகள் இம்முறையின் வளர்ந்த வடிவிலேயே வார்க்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் அதற்கு ‘இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்’ என்று பெயர். அங்கு முதற்சொல் பணமுதலீட்டைக் குறிப்பதன்று. ஆடை உடுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்து, மெழுகுருவின் மேல் பூச்சால் உறையிடுதலைக் குறிக்கின்றது. சொல் மட்டும் நோக்கி ‘முதலீட்டு வார்ப்பு’ என்று பெயர்த்தால் பொருள் முற்றிலும் கெடும். அவ்வாங்கிலச் சொல் குறிக்கும் அதே செயலுக்குச் சுவாமிமலைப் பட்டறையில் சொல் ஆயத்தமாக உள்ளது, அது ‘கருக்கட்டுதல்’. பொறியியல் தமிழும் அதனை ஏற்றுக்கொள்ளத் தடையில்லை.

8. முடிவுரை

கொல்கத்தா ஆய்வு மரபு நமக்குக் காட்டும் நெறி தெளிவானது. 1915இல் பொருள்கள் தொகுக்கப்பட்டன. 1936இல் நூற்சான்று ஆராயப்பட்டது. 1978இல் பட்டறைச் சான்று அச்சேறியது. பொருள், நூல், பட்டறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று திருத்தின. கங்குலி நூலின் தலைப்பு நிலைபெறச் செய்த பொதுப்பெயரை உலோக ஆய்வும் கல்வெட்டும் திருத்துகின்றன. நூல் கூறும் எடைக்கணக்கைப் பட்டறை மெய்ப்பிக்கின்றது. தமிழரும் இவ்விணைப்பிற்குப் பங்களித்துள்ளனர். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவில் பணியாற்றி, 1954இல் அதன் காட்சிக்கூடங்களுக்கு வழிகாட்டி நூல் எழுதிய சி. சிவராமமூர்த்தியே பின்னர் 1963இல் தென்னிந்தியத் திருமேனிகள் பற்றிய நூலையும் தந்தார்.

தமிழ் மொழியியலார் முன்னுள்ள பணி, சுவாமிமலை போன்ற ஊர்களில் வழங்கும் தொழிற்சொற்களைச் செய்முறை வரிசையில், உருவப்படத்தோடும் ஒலிப்பதிவோடும் தொகுத்தலாகும். ஒடிஓலை பிடிக்கும் கைகள் அளவுகோலுக்கும், மெழுகு திரட்டும் கைகள் ஆயத்த அச்சுகளுக்கும் மாறிவருகின்றன. தொழில் மாறுங்கால் சொல் முதலில் மறையும். அகராதியில் ‘கரு’ என்னும் சொல் நிற்கலாம். எந்தப் பூச்சு உலர்ந்தபின் அடுத்ததை இடவேண்டும் என்பதோடு சேர்த்து அச்சொல்லை ஆள்பவர் இல்லாதபோது, அது வெறும் பதிவாகவே எஞ்சும். உருகி வடியும் மெழுகைப் பாத்திரத்தில் ஏந்தி மீண்டும் ஆள்வது பட்டறையின் வழக்கம். சொற்களையும் அவ்வாறே ஏந்திக்கொள்ளுதல் நம் கடமையாகும்.